எழுத உட்காரும் முன் நாவலைத் திட்டமிடுவது

முதலில் முடிவை எழுதி வையுங்கள். என் நாவல் 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடியைப் புயல் அழிப்பதில் முடிகிறது. அதனால் மற்ற எல்லாவற்றையும் அந்த இரவிலிருந்து பின்னோக்கிப் போட்டேன்.

அடுத்து, ஒரு நீளத் தாளை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் ஊரில் நடந்தவை: இலங்கையின் தலைமன்னாருக்குப் போகும் கப்பல், பாம்பனிலிருந்து கிளம்பிக் கடல் அடித்துக்கொண்டு போன பாசஞ்சர் ரயில். வலப்பக்கம், அந்தந்த நேரத்தில் என் பாத்திரங்கள் எங்கே, யாரோடு. ஸ்டேஷனில் டீ விற்கும் செல்லம்மா அன்று ஏன் ராமேஸ்வரம் போகவில்லை? அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது. மகனோடு ஒரு மனஸ்தாபம் தேவைப்பட்டது. அதை மூன்றாம் அத்தியாயத்தில் வைத்தேன். இந்தத் தாளுக்காகவே திட்டமிடலாம் என்பேன்.

அப்புறம், அத்தியாயத்துக்கு ஓர் அட்டை. யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, முடியும்போது என்ன மாறியிருக்கிறது என்று மூன்றே வரி. கடைசி வரி எழுத வரவில்லையா, பக்கத்து அட்டையோடு சேர்த்துவிடுங்கள், வர்ணனை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

பிடித்த சாப்பாடு, சட்டை நிறமெல்லாம் வேண்டாம். பிறந்த வருடம் மட்டும் எல்லோருக்கும் குறித்து வையுங்கள். உரையாடலை அட்டையில் எழுதாதீர்கள். அது எழுதும்போது வரட்டும்.