லூப் எப்ப நிக்கும்? கடைசி ரவுண்டை கையால ஓட்டிப் பாருங்க

புதுசா ப்ரோக்ராமிங் கத்துக்கிறவங்க ஃபார் லூப்ல (ஒரே வேலைய திரும்பத் திரும்ப ஓட்டுற கட்டளை) மாட்டுறது முக்காவாசி முடிவுலதான். "நிக்கிற கண்டிஷன்"னு பேச்சுக்கு சொல்றோமே தவிர அங்க நாம எழுதுறது லூப் எப்ப நிக்கணும்ங்கிறது இல்ல, எது உண்மையா இருக்கிற வரைக்கும் ஓடணும்ங்கிறது. இத தலைகீழா புரிஞ்சுக்கிட்டு லூப்போட நடுத் துண்டுல ஐ == 5 ன்னு (எண்ணிக்கை வச்சிருக்கிற ஐ 5க்கு சமமான்னு) போட்டுட்டு "ஒரு தடவ கூட ஓடலயே"ன்னு முழிப்பாங்க. ஐ 0ல ஆரம்பிக்குது, 0 == 5 பொய், உள்ள போகாமயே வெளிய வந்துடுச்சு, அவ்ளோதான்.

சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாத்துலயும் கிட்டத்தட்ட இதே வடிவம்தான்:

ஃபார் (ஐ = 0; ஐ < 3; ஐ++)

முதல் துண்டு ஒரே ஒரு தடவதான் நடக்கும், அப்புறம் கண்டிஷன் செக், உண்மைன்னா உள்ள இருக்கிறது ஓடும், அது முடிஞ்ச பிறகுதான் ஐ++ (ஐ-யோட 1 கூட்டுறது), மறுபடி செக். ஒரு பேப்பர் எடுத்து எழுதிப் பாருங்க, ப்ளீஸ், மனசுலயே ஓட்டாதீங்க:

ஐ 0: 0 < 3 ஆமா, ஓடுது
ஐ 1: 1 < 3 ஆமா, ஓடுது
ஐ 2: 2 < 3 ஆமா, ஓடுது
ஐ 3: 3 < 3 இல்ல, வெளிய

ஓடினது 3 தடவ, ஆனா செக் நடந்தது 4 தடவ, வெளிய வரும்போது ஐ-யோட மதிப்பு 3, 2 இல்ல. இந்த கடைசி வரிய எழுதாம விடுறதாலதான் பாதி பிரச்சனையே வருது.

< இருக்கிற இடத்துல <= போட்டா 4 தடவ ஓடும். 3 எலிமென்ட் இருக்கிற அர்ரேல (மதிப்புகள வரிசையா வைக்கிற பட்டியல்) இன்டெக்ஸ், அதாவது இட எண், 0, 1, 2 தான், 3ன்னு ஒண்ணு கிடையாது. ஜாவா உடனே எக்செப்ஷன், அதாவது பிழை, எறிஞ்சு கத்திடும், ஜாவாஸ்கிரிப்ட் அன்டிஃபைன்ட்னு (மதிப்பே இல்லன்னு) குடுக்கும், சி பல நேரம் வாயே திறக்காம பக்கத்துல கிடக்கிற குப்பைய எடுத்துக் குடுத்துடும், மூணுல அதுதான் மோசம். 10 மீட்டர் வேலிக்கு மீட்டருக்கு ஒரு கம்பம் நட்டா 11 கம்பம் வேணும்ல, அதே கணக்குதான் இது. ஆரம்பத்த சேத்துக்கோ, முடிவ விட்டுடு, அப்ப முடிவுலேர்ந்து ஆரம்பத்த கழிச்சாலே எத்தன தடவன்னு வந்துடும்னு கணினி விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா 1982லயே எழுதி வச்சுட்டாரு. பைத்தான்ல ரேஞ்ச்(1, 5) போட்டா 1, 2, 3, 4 மட்டும் வர்றதும் இந்த வழக்கம்தான், 5 - 1 = 4 தடவ.

அடுத்தது நிக்காத லூப். ஐ = 1, கண்டிஷன் ஐ != 10 (ஐ 10க்கு சமமில்லாத வரைக்கும்), ஒவ்வொரு தடவையும் 2 கூட்டுறீங்கன்னு வைங்க. 1, 3, 5, 7, 9, 11... பத்த தாண்டிக் குதிச்சுப் போயிடுச்சு. ஐ < 10 ன்னு எழுதியிருந்தா 11லயே நின்னிருக்கும், அதனால எண்ணுற லூப்ல != எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. தசம எண்ணுல இன்னும் மோசம், 0.1-ஐ லூப்ல ஒவ்வொண்ணா பத்து தடவ கூட்டுனா பைத்தான்ல 1.0 வராது, 0.9999999999999999 தான் வரும், அதனால எண்ணுறத எப்பவும் முழு எண்ணுல எண்ணுங்க. மேலிருந்து கீழ எண்ணும்போது ஐ++ அப்படியே இருக்கான்னும் பாருங்க, ஐ-- ஆக்க மறந்திருப்பீங்க. டெர்மினல்ல ஓடிக்கிட்டே இருந்தா கன்ட்ரோலும் சியும் சேத்து அமுக்குங்க, பெரும்பாலும் நின்னுடும்.

எல்லாம் சரியா இருந்தும் உள்ள இருக்கிறது ஒரே ஒரு தடவ மட்டும் ஓடுதா? ஃபார் வரிக்கு கடைசில அடைப்புக்குறிக்குப் பின்னாடி ஒரு செமிகோலன் ஒட்டிக்கிட்டு இருக்கான்னு பாருங்க, லூப் அந்த வெறும் செமிகோலனத்தான் சுத்திக்கிட்டு இருக்கும். நான் இதுக்காக ஒரு முழு சாயங்காலம் கண்டிஷனையே மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு இருந்தேன்.