பள்ளி மைதானத்தில் வான்நோக்கு இரவு: வரிசையின் கடைசி ஆளுக்கும் நிலா தெரிய வேண்டும்

டெலஸ்கோப்பில் கண் வைக்கும் பலர் "ஆமா, தெரியுது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பாதிப் பேருக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. பின்னால் இருபது பேர் நிற்கிறார்களே என்ற கூச்சம்தான் அப்படிச் சொல்ல வைக்கிறது. அதனால் "தெரியுதா?" என்று கேட்காதீர்கள். "நிலாவில் எந்தப் பக்கம் இருட்டாக இருக்கு?", "வியாழனுக்குப் பக்கத்தில் எத்தனை புள்ளி?" (அதன் நிலாக்கள்தான் அந்தப் புள்ளிகள்) என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அவர் இன்னும் பார்க்கவில்லை. கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் அந்தக் கேள்விக்கு ஒவ்வொருவரிடமிருந்தும் பதில் வாங்குவதற்காகத்தான்.

நாள் குறிப்பது

வளர்பிறை சஷ்டி முதல் தசமி வரை நல்ல நாட்கள். அரைநிலாவில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பள்ளங்களின் நிழல் நீளமாக விழும். நிலா ஒரு தட்டு அல்ல, மேடுபள்ளமான உருண்டை என்பது பார்த்த உடனே புரிந்துவிடும். பௌர்ணமி அன்று வைத்தால் கூட்டம் வரும், காட்சி வராது. வெளிச்சம் நேராக விழுவதால் நிழலே இருக்காது, கண் கூசும், மங்கலான விண்மீன்களும் மறைந்துவிடும். அமாவாசை இரவு பழகிய கண்ணுக்கு விருந்து. முதல்முறை வருபவருக்கோ அன்று தெரிவது சாம்பல் நிற மங்கல் மட்டுமே.

தமிழ்நாட்டில் ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்காலம், நம்பி அறிவிப்புக் கொடுக்க முடியாது. தை முதல் சித்திரை வரை வானம் பெரும்பாலும் ஒத்துழைக்கும். அரைநிலா சூரியன் மறையும் நேரத்திலேயே உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும். தை, மாசி வாக்கில் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே நிற்கும். பலகைத் தாங்கியில் மேலும் கீழும், பக்கவாட்டிலும் கையால் திருப்பும் டாப்சோனியன் டெலஸ்கோப்பை நேர் உச்சியில் திருப்புவது கடினம். பக்கவாட்டில் நகர்த்தினால் குழாய் தன்னைத்தானே சுற்றுமே தவிர, பொருளைப் பின்தொடராது. 7 மணிக்கு மேல் தொடங்கினால் நிலா மேற்கே சாய்ந்திருக்கும், இந்தச் சிக்கல் தானாகத் தீரும். 9 மணிக்கு முடித்துவிடுங்கள். பெண்களும் குழந்தைகளும் வீடு திரும்பப் பஸ் இருக்க வேண்டும்.

இடம்

நிலாவுக்கும் கோள்களுக்கும் இருட்டுக் கிராமம் தேவையில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பள்ளி மைதானமே போதும். ஆட்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே டெலஸ்கோப் போக வேண்டும். அமெரிக்க வானியல் ஆர்வலர் ஜான் டாப்சன் 1960களில் சான் பிரான்சிஸ்கோ நடைபாதைகளில் செய்தது அதுதான். மலிவான பலகையில் அவர் வடிவமைத்த தாங்கிதான் இன்று டாப்சோனியன் என்று விற்பது.

மொட்டை மாடி வேண்டாம். பகல் முழுதும் வெயில் குடித்த கான்கிரீட் இரவில் சூட்டை விடும், காட்சி தண்ணீருக்கடியில் இருப்பதுபோல நெளியும். அதோடு நாலு பேர் நடந்தாலே 100 மடங்கு பெருக்கத்தில் படம் குதிக்கும். மண் அல்லது புல்தரைதான் சரி. பகலிலேயே போய்ப் பாருங்கள்: புதர் ஓரத்தில் பாம்பு நடமாட்டம், எறும்புப் புற்று, தடுக்கி விழ வைக்கும் கல். ஹைமாஸ்ட் விளக்கு இருந்தால் அதன் சுவிட்ச் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, பஞ்சாயத்து அல்லது நகராட்சிக்கு ஒரு வாரம் முன்பே கடிதம் கொடுங்கள். கடைசி நேரத்தில் போன் போட்டு அணைக்கச் சொன்னால் நடக்காது. தலைமையாசிரியரின் அனுமதி, கழிப்பறைச் சாவி, குடிநீர், காவல் நிலையத்துக்கு ஒரு தகவல், இவையும் அதே வாரத்தில் முடிந்திருக்க வேண்டும்.

எத்தனை பேருக்கு எத்தனை டெலஸ்கோப்

இந்தக் கணக்கில்தான் பெரும்பாலான நிகழ்ச்சிகள் சொதப்புகின்றன. ஒருவர் ஏறி, கண் வைத்து, பார்த்து, நகர 40 வினாடி. ஏட்டுக் கணக்கில் மணிக்கு 90 பேர். நடைமுறையில் குறி விலகும், ஃபோகஸ் மாறும், தூங்கிய குழந்தையை எழுப்புவார்கள், ஆகவே 60 என்று வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் ஒரு டெலஸ்கோப் 120 பேரைத் தாங்கும். 300 பேர் வந்து, ஒவ்வொருவரும் நிலாவையும் ஒரு கோளையும் பார்க்க வேண்டுமென்றால் 600 பார்வை, அதாவது 5 டெலஸ்கோப். கையில் இரண்டுதான் இருக்கிறதா? 120 பேருக்கு டோக்கன் கொடுங்கள். முந்நூறு பேரை அழைத்து, நூற்றெண்பது பேரை வெறுங்கையோடு அனுப்புவதைவிட அது மேல்.

கருவி

6 அங்குல விட்டமுள்ள கண்ணாடி கொண்ட டாப்சோனியன், 1200 மி.மீ. குவியத்தூரம்: இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைக்கும் லென்ஸ்) போட்டால் 1200 ÷ 25 = 48 மடங்கு, முழு நிலாவும் சுற்றிலும் கொஞ்சம் கருப்பும் தெரியும். வியாழன், சனிக்கு 10 மி.மீ., 120 மடங்கு. அதற்கு மேல் போகாதீர்கள். கடையில் 60 மி.மீ. டெலஸ்கோப் பெட்டியில் 500 மடங்கு என்று அச்சிட்டிருப்பார்கள். லென்ஸின் விட்டத்தில் ஒரு மி.மீ.க்கு 2 மடங்குதான் பயன்படும் எல்லை, அதாவது அதற்கு 120. நோஞ்சான் முக்காலியில் அதுவும் ஆடும்.

குழாயை மாலை 6 மணிக்கே வெளியில் வையுங்கள். கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வர 30 முதல் 45 நிமிடம் ஆகும். வண்டியில் குலுங்கி வந்தால் கண்ணாடிகளின் நேர் விலகியிருக்கும், சரிபார்க்காமல் விட்டால் சனியின் வளையம் மங்கலாகவே இருக்கும். ஃபைண்டரை (குழாயின் மேல் உள்ள, குறிபார்க்கும் சிறு டெலஸ்கோப்) வெளிச்சம் இருக்கும்போதே தொலைவிலுள்ள செல்போன் டவரின் உச்சியை வைத்து நேர்ப்படுத்துங்கள். இருட்டிய பின் அதைச் செய்வது அரைமணி நேர அவஸ்தை. சூரியன் மறையும்வரை குழாய்க்கும் ஃபைண்டருக்கும் மூடி இருக்கட்டும், ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும். ஒரு குழந்தை விளையாட்டாகச் சூரியனை நோக்கித் திருப்பினால் ஒரே நொடியில் கண் போய்விடும். இதில் எந்தச் சமரசமும் கிடையாது.

பூமி சுழல்வதால் வானம் 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகரும். 120 மடங்கில் காட்சிப் பரப்பு அரை டிகிரிக்கும் குறைவு, ஒன்றரை நிமிடத்தில் வியாழன் ஓடிவிடும். நடுவில் நிறுத்தாதீர்கள். அது நுழையும் விளிம்பில் வைத்துவிட்டால் வட்டத்தைக் கடந்து போவதற்குள் இரண்டு பேர் பார்க்கலாம். இரண்டு பேருக்கு ஒருமுறை நீங்களே எட்டிப் பார்த்துக் குறியைச் சரிசெய்யுங்கள். "ஒன்னும் தெரியல சார்" என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகிக்க வேண்டியது டெலஸ்கோப்பை, அவரை அல்ல.

வரிசை

ஒரு டெலஸ்கோப்புக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கருவியோடு, இன்னொருவர் வரிசையோடு. விளக்கம் முழுதும் வரிசையில் நிற்கும்போதே முடிந்துவிட வேண்டும்: என்ன பார்க்கப் போகிறோம், எவ்வளவு பெரிதாகத் தெரியும், எந்தக் கண்ணை வைப்பது. ஐபீஸ் அருகே பாடம் நடத்தினால் வரிசை நின்றுவிடும். படங்களில் வருவதுபோல வண்ணமாக இருக்காது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள், ஏமாற்றம் பாதி குறையும்.

உச்சியை நோக்கும்போது 6 அங்குல டாப்சோனியனின் ஐபீஸ் தரையிலிருந்து சுமார் 4 அடியில் இருக்கும். சிறு பிள்ளைகளுக்கு ஆடாத ஸ்டூல் வேண்டும். ஏறியதும் கை தானாகக் குழாயைப் பிடிக்கும், குறி போய்விடும். ஆகவே முதுகு உள்ள நாற்காலியைத் திருப்பிப் போட்டு, "இதைப் பிடிச்சுக்கோ" என்று கைக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு கண்ணை மூடத் தெரியாத குழந்தை உள்ளங்கையால் பொத்திக்கொள்ளட்டும். கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போட்டவர்கள் கழற்றிவிட்டு, ஃபோகஸை அவர்களே திருப்பலாம். சிதறல் பார்வை (சிலிண்டர் பவர்) உள்ளவர்கள் கண்ணாடியோடு பார்க்கட்டும். அவர்களுக்கு 25 மி.மீ.தான் வசதி, 10 மி.மீ.யில் கண்ணை மிக நெருங்கி வைக்க வேண்டியிருக்கும். கண்மையும் எண்ணெயும் படிந்து அரைமணிக்கு ஒருமுறை ஐபீஸ் மங்கும். வேட்டி நுனியால் துடைத்தால் பூச்சு கீறிவிடும். காற்றூதும் ரப்பர் பந்தால் தூசியைப் போக்கி, லென்ஸ் தாளால் மெல்ல ஒற்றி எடுங்கள்.

செல்போனில் நிலாப் படம் எடுக்க எல்லோருக்கும் ஆசை இருக்கும், நியாயமான ஆசைதான். அதைப் பொது வரிசையில் விட்டால் ஆளுக்கு மூன்று நிமிடம் போய்விடும். வரிசை முடிந்தபின் மிஞ்சும் நேரத்தை அதற்கென்றே ஒதுக்கி, முன்கூட்டியே அறிவியுங்கள்.

காத்திருப்பவர்களுக்கு வெறுங்கண் வானம்

கையை நீட்டி மூடிய முஷ்டி 10 டிகிரி. சென்னையில் துருவ நட்சத்திரம் வடக்கே அடிவானத்திலிருந்து 13 டிகிரியில் இருக்கும், ஒரு முஷ்டியும் கொஞ்சமும். ஊருக்குத் தெரிந்த பெயர்களிலிருந்தே தொடங்குங்கள். மாசியில் கார்த்திகைக் கொத்து, ரோகிணி, திருவாதிரை மூன்றையும் ஒரே வீச்சில் காட்டலாம், தெற்கே அகத்தியர் விண்மீன் தாழ்வாக நிற்கும். கார்த்திகை 48 மடங்கு டெலஸ்கோப்பில் முழுதாக அடங்காது, 10x50 பைனாகுலரில்தான் அழகு. சித்திரைக்கு மேல் சப்தரிஷி மண்டலம் வடக்கே ஏறியிருக்கும். அருந்ததியும் வசிஷ்டரும் வெறுங்கண்ணுக்குத் தெரிகிறார்களா என்று கேளுங்கள், பிறகு டெலஸ்கோப்பில் காட்டுங்கள்: வசிஷ்டரே இரண்டாகப் பிரிவார். கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்த்த பாட்டிமார் இந்த வரிசைக்குத் திரும்பத் திரும்ப வருவார்கள். ராசி, தோஷம் பற்றிக் கேள்வி வரும். சண்டைக்குப் போக வேண்டாம். அவர்கள் சொன்ன நட்சத்திரத்தை வானில் காட்டுங்கள்.

நிலா இல்லாத மே மாத இரவில் ஊருக்கு வெளியே போக வாய்த்தால் தெற்கே மூன்று முஷ்டி உயரத்தில் ஒமேகா சென்டாரி விண்மீன் திரளைத் தேடுங்கள். ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதிக்குத் தெரியாத காட்சி நமக்கு வசதியான உயரத்தில் கிடைக்கிறது. அங்கே மட்டும் டார்ச்சில் இரண்டு மடிப்புச் சிவப்பு ஜெலட்டின் தாள் ஒட்டுங்கள், கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடம் கொடுங்கள்.

சனியைக் காட்டுபவர்களுக்கு ஒன்று. 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டியது. அதன்பின் மெல்ல விரிந்து 2032 வாக்கில்தான் முழு அகலத்துக்கு வரும். இடைப்பட்ட ஆண்டுகளில் வளையம் ஒல்லியாகத் தெரிவது டெலஸ்கோப்பின் குறை அல்ல என்று சொல்லிக் காட்டுங்கள்.

பச்சை லேசரை ஒருவர் மட்டும் வைத்திருக்கட்டும், 5 மில்லிவாட்டுக்கு மேல் வேண்டாம். பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. விமான நிலையம் பக்கத்தில் இருந்தால் எடுக்கவே கூடாது.

மேகம் மூடினால் 20 நிமிடம் காத்திருங்கள், இடைவெளி கிடைத்தால் நிலாவை மட்டும் காட்டுங்கள். கிடைக்காவிட்டால் டெலஸ்கோப்பைத் தொலைவிலுள்ள கோபுர விளக்கின் பக்கம் திருப்பி, குழாய்க்குள் வெளிச்சம் போகும் வழியைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். மாற்று நாளை முதல் அறிவிப்பிலேயே அச்சிட்டிருக்க வேண்டும்.

முடிந்ததும் ஐபீஸ்களை எண்ணிப் பெட்டியில் வையுங்கள். தை, மாசி இரவுகளில் குழாயும் கண்ணாடியும் பனியில் நனைந்திருக்கும். அப்படியே மூடி போட்டுக் கட்டினால் நம் ஊர் ஈரப்பதத்தில் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். வீட்டில் குழாயைப் படுக்கவைத்து, மூடியில்லாமல் உலரவிட்டு, காலையில் மூடுங்கள்.