பழைய ஜிப்சியா, பழைய டீசல் ஜீப்பா? இன்ஜின் பார்த்து வாங்கும் முறை

காட்டுப்பாதைக்கும் மலைத்தோட்டத்துக்கும் பழைய ஃபோர் வீல் வண்டி தேடினால் பெரும்பாலும் இரண்டு வண்டிகள்தான் கண்ணில் படும். பெட்ரோலில் மாருதி ஜிப்சி, டீசலில் மஹிந்திரா ஜீப். டீசலா பெட்ரோலா என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. வண்டி செய்யப்போகும் வேலையும், எதிரே நிற்கும் அந்த ஒரு இன்ஜினின் நிலையும் சேர்ந்துதான் முடிவு சொல்லும்.

படி 1: எந்த இன்ஜின் என்று உறுதி செய்யுங்கள்

1985 கடைசியில் வந்த ஜிப்சியில் 970 சிசி கார்புரேட்டர் இன்ஜின், 4 கியர். 1996-ல் வந்த ஜிப்சி கிங்கில் 1298 சிசி, 5 கியர். 2000 முதல் அதிலேயே 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில், கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் முறை), 80 குதிரைத்திறன். முதல்முறை வாங்குகிறவர் எம்.பி.எஃப்.ஐ. வண்டியையே தேடுவது நல்லது. மலை ஏறினாலும் கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டர் வண்டி 2000 மீட்டர் உயரத்தில் பெட்ரோலை அதிகமாகக் குடித்துக்கொண்டு திணறும்.

ஜீப்பில் எம்எம்540 மாடலுக்கு 2112 சிசி பெஜோ டீசல். குளிரில் ஹீட்டர் பிளக் சூடாகும்வரை பொறுத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பிறகு பல மாடல்களில் வந்தது 2523 சிசி டிஐ (டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின்). பழைய ஜீப்புகளில் இன்ஜின் மாற்றியிருப்பது சர்வசாதாரணம் என்பதால், இன்ஜின் பிளாக்கில் அடித்த எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

படி 2: வேலையை எழுதிப் பாருங்கள்

எம்.பி.எஃப்.ஐ. ஜிப்சி 103 நியூட்டன் மீட்டர் இழுவையை 4500 ஆர்.பி.எம்.மில்தான் தரும். 2010-ல் வந்த மஹிந்திரா ஜீப்பான தார் டிஐ-க்குக் குதிரைத்திறன் வெறும் 63. ஆனால் 180-க்கு மேற்பட்ட நியூட்டன் மீட்டரை 1500 ஆர்.பி.எம்.மிலேயே கொடுத்துவிடும். பாறை மேல் ஊர்ந்து ஏறுவதற்கும், எட்டு மூட்டை ஏலக்காயோ காப்பியோ ஏற்றி மேடு ஏறுவதற்கும் இந்த வித்தியாசம்தான் காரியம். ஜிப்சியை அதே மேட்டில் ஏற்ற லோ கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பிடிக்க வேண்டும்; பழகாதவர் கிளட்ச்சைக் கருக்கிவிடுவார்.

மணலிலும் சேற்றிலும் கதை தலைகீழ். ஜிப்சியின் எடை சுமார் ஒரு டன்தான். ஜீப்பின் முன்சக்கரம் புதைகிற இடத்தில் அது மேலாகவே போய்விடும்.

படி 3: எரிபொருள் கணக்கு

வருடம் 3000 கி.மீ. ஓடும் வண்டி என்று வையுங்கள். லிட்டருக்கு 9 கி.மீ. தரும் ஜிப்சி 333 லிட்டர் பெட்ரோல் குடிக்கும்; 12 கி.மீ. தரும் ஜீப்புக்கு 250 லிட்டர் டீசல். லிட்டர் 100, 92 ரூபாய் என்றால் மிச்சம் சுமார் 10,000 ரூபாய். ஜீப்பின் டீசல் பம்ப்பையும், டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசில்களையும் ஒருமுறை பிரித்துச் சரிசெய்தால் அந்த மிச்சம் கரைந்துவிடும். ஆகவே மாதம் இரண்டு ஞாயிறு மட்டும் எடுக்கிறவர் மைலேஜுக்காக டீசல் வாங்க வேண்டியதில்லை. தினமும் ஓட்டுகிறவருக்கு டீசல்தான்.

படி 4: குளிர்ந்த இன்ஜினைச் சோதியுங்கள்

போனதும் பானெட்டைத் திறந்து பிளாக்கில் கை வையுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். வேறு நாள் காலையில் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள்.

குளிர்ந்த டீசல் ஒரு நிமிடம் வெள்ளைப்புகை விட்டால் கவலையில்லை. சூடான பிறகும் விட்டால் கம்ப்ரஷனோ (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) நாசிலோ போயிருக்கிறது. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. மேடு ஏறும்போது கன்னங்கரேல் என்று கக்கினால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், அடுத்து பம்ப்.

இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, அதே ஓட்டையின் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக அதிர்ந்தால் சரி. துள்ளி விழுந்து உள்ளிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, சிலிண்டரைக் கடையும் போர் வேலை காத்திருக்கிறது. அந்தச் செலவை விலையில் கழிக்க ஒத்துக்கொள்ளாதவரிடம் பேரம் பேசுவது வீண்.

படி 5: டீசலில் காற்று இழுக்கிறதா?

இரவு நிறுத்திய ஜீப் காலையில் வெகுநேரம் சுற்றிய பிறகே ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் டீசல் எங்கும் ஒழுகவில்லை. அனுபவமில்லாதவர் பம்ப்பைப் பிரித்துவிடுவார். டேங்க்குக்கும், அதிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தால், ஓடும்போது டீசல் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். ஃபீட் பம்ப்புக்கு முன்னால் ஒரு அடி நீளத்துக்கு உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் மாட்டி ஓட்டிப் பாருங்கள். குமிழி ஓடினால் பிடிபட்டுவிட்டது. ஹோஸையும் கிளிப்பையும் மாற்றினால் போதும்.

மாற்றிய பின் உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். டீசல் ஃபில்டர் தலையில் உள்ள பிளீட் ஸ்க்ரூவை (காற்றை வெளியேற்றும் திருகு) தளர்த்தி, டீசல் குமிழியின்றிச் சீராக வரும்வரை கை பம்ப்பை அடியுங்கள். அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்குங்கள். அடுத்து பம்ப்பின் ஸ்க்ரூவில் அதே வேலை. நாசிலிலிருந்து பீய்ச்சும் டீசலுக்கு நேராக ஒருபோதும் கை வைக்காதீர்கள், அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

படி 6: பெட்ரோலில் பார்க்க வேண்டியவை

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் கலவை அதிகம், ஆயில் ஈரம் என்றால் ரிங் அல்லது வால்வு சீல். எம்.பி.எஃப்.ஐ.க்கு முந்தைய 8 வால்வு 1.3 லிட்டர் இன்ஜினில், சூடாக, நான்கு பிளக்கும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக் கம்ப்ரஷன் எடுத்தால் 170 பி.எஸ்.ஐ.க்குக் குறையக் கூடாது. ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

டைமிங் பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் வாங்கிய வாரமே மாற்றுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும் கார்புரேட்டர் வண்டியின் பம்ப் டயாபிரமும் அதில் ஊறிக் கெடும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் ஒழுகினால் தீதான். எத்தனால் தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

ஓடை கடக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்து நிற்கும் ஜிப்சியைத் துடைத்து மறுபடி ஓட்டலாம். டீசலில் நனைந்து கெட ஸ்பார்க் இல்லை. ஆனால் ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் புகுந்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். அப்படி நின்ற வண்டியில் செல்ஃப் அடிக்காதீர்கள்.

படி 7: காகிதம்

15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பெட்ரோல் ஜீப்பை டீசலாக மாற்றியிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். ஏறாத வண்டி புதுப்பிக்கும்போது மாட்டிக்கொள்ளும், விபத்தென்றால் இன்சூரன்ஸும் கை விரிக்கும். ‘பெயர் மாற்றும்போது பார்த்துக்கலாம்’ என்று விற்பவர் சொன்னால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்; ஆர்.சி.யில் அது ஏறிய பிறகு வாருங்கள் என்று சொல்லிவிடுங்கள்.