சட்டமும் சங்கீதமும் சேர்த்துப் படிக்கப் போகிறீர்களா?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த வாரத்தில் ஹட்டனில் என் சங்கீத வகுப்பு வாசலில் யாராவது ஓர் அப்பா வந்து நிற்பார். "மகள் நன்றாகப் பாடுவாள், சேர். வாயும் அதிகம். சட்டத்தையும் சங்கீதத்தையும் ஒரே பட்டமாகப் படிக்க முடியாதா?"

முடியும், ஆஸ்திரேலியாவில். மொனாஷ், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகங்களில் இந்த இணைப்பு உண்டு. குறைந்தது ஐந்து ஆண்டுகள், கையில் இரண்டு பட்டங்கள். அந்தப் பல்கலைக்கழகங்களின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு இங்கே இலங்கையிலும் அப்படியே கிடைக்கும் என்று நம்புவதுதான் முதல் தவறு. இங்கே சட்டத்துக்குக் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், திறந்த பல்கலைக்கழகம் என்று போக வேண்டும். கர்நாடக சங்கீதத்துக்கு யாழ்ப்பாணம், இல்லையென்றால் மட்டக்களப்பில் உள்ள சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம். இரண்டு அரசப் பல்கலைக்கழகங்களில் ஒரே நேரத்தில் உள்வாரியாகப் பதியவும் முடியாது. ஆகவே ஒன்றைப் பட்டமாக வைத்துக்கொண்டு, மற்றதை வேறு வழியில் கொண்டுபோக வேண்டும். சட்டம் படித்தபடியே வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதுவது எனக்குத் தெரிந்தவரை நல்ல வழி.

சட்டத்துக்குப் போகப்போகிறோமே என்று உயர்தரத்தில் சங்கீதத்தைக் கைவிடுகிறவர்களும் உண்டு. வீண் பயம். எந்தப் பிரிவில் படித்தவரும் சட்டபீடத்துக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே தடுப்பது உயர்தரப் பெறுபேற்றை வைத்துக் கணக்கிடும் இசற் புள்ளிதான் (Z-score).

ஆனால் பெரிய தவறு இதுவல்ல. சட்டப் புத்தகத்தைப் பரீட்சைக்கு முந்திய மூன்று வாரத்தில் விழுந்து விழுந்து படித்துத் தேறிவிடலாம். நல்லதில்லை, ஆனாலும் நடக்கிறது. அதே கணக்கைக் குரலிடம் போட்டால் அது கேட்காது. என் மாணவி ஒருத்தி பரீட்சை முடியட்டும் என்று ஒரு மாதம் காலைச் சாதகத்தை, அதாவது தினசரிக் குரல் பயிற்சியை, நிறுத்தினாள். திரும்பி வந்து மோகன வர்ணத்தை இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், எடுத்தபோது சரணத்தில் மூச்சு அறுந்தது. மீண்டும் முதற்பாடமான சரளி வரிசையிலிருந்து தொடங்கினோம். அவளுக்கு அழுகை, எனக்குக் கோபம். தேயிலைத் தோட்டத்தில் தப்பு மேளம் அடிக்கிறவர்களைப் பாருங்கள். மூடுபனியில் தோல் தொய்ந்துவிடும். தீ மூட்டிக் காய்ச்சாமல் அவர்கள் குச்சியைத் தொடுவதில்லை. குரலும் அப்படித்தான். ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் போதும், ஆனால் நாள் தவறக்கூடாது.

பட்டம் கிடைத்ததும் கறுப்புக் கோட்டுப் போட்டுவிடலாம் என்று நினைப்பது இன்னொன்று. சட்டக் கல்லூரிப் பரீட்சைகள், மூத்த சட்டத்தரணியிடம் பயிற்சி, உயர் நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் எல்லாம் அதற்குப் பிறகுதான். வெளிநாட்டுப் பட்டம் வாங்கப் பணம் கட்டுமுன் இதைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

இரண்டும் ஒன்றையொன்று தொடாத படிப்புகள் என்று எண்ணுகிறவர்கள் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் புரட்டவில்லை என்று அர்த்தம். ஒருவர் ஆக்கிய பாட்டுக்கு அவர் வாழ்நாளும் இறந்தபின் 70 ஆண்டுகளும் பாதுகாப்பு. யார் ஆக்கியது என்றே தெரியாத நாட்டார் பாடல்களுக்கும் அதில் தனி ஏற்பாடு இருக்கிறது. கொழுந்து பறிக்கும்போது பாட்டி பாடியதை ஒரு மாணவன் கைபேசியில் பதிந்து, இசையமைப்பு என்று தன் பெயரைப் போட்டுக்கொண்டு வந்தான். அந்தப் பிரிவை வாசிக்கக் கொடுத்தேன். மறுவாரம் தன் பெயரை எடுத்துவிட்டு, பாடியவர் என்று பாட்டியின் பெயரையும் அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயரையும் எழுதிக் கொண்டுவந்தான்.