எல்டிபிசி டிகோடர்: நினைவகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

5ஜி தொடர்பில் வரும் பிட் பிழைகளைத் திருத்தும் எல்டிபிசி டிகோடரை முதல்முறை வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் கணக்குப் போடும் சர்க்யூட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நினைவகத்தைக் கடைசியில் பொருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். மின்-சம் (min-sum) என்ற எளிமையாக்கிய டிகோடிங் முறையில் கணக்கு என்பது ஒப்பீடும் கூட்டலும் மட்டுமே. ஒவ்வொரு சுற்றிலும் செய்திகளை, அதாவது டிகோடரின் பகுதிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் இடைக்கால மதிப்புகளை, எடுத்து, மாற்றி, திரும்ப வைப்பதற்குத்தான் இடமும் மின்சாரமும் அதிகம் செலவாகின்றன.

செய்திகளை ஒவ்வொன்றாக அப்படியே சேமிப்பது முதல் தவறு. 5ஜியின் முதல் அடிப்படை வரைபடத்தில் (எந்தச் சோதனை எந்த பிட்களைப் பார்க்கிறது என்று காட்டும் அட்டவணையில்) சோதனைகளுக்கு 46 வரிசைகள், பிட்களுக்கு 68 நிரல்கள், 316 இணைப்புகள். விரிவாக்க எண் (ஒவ்வொரு வரிசையும் நிரலும் எத்தனையாக விரிகிறது என்பது) 384, செய்திக்கு 6 பிட் என்றால் 7,28,064 பிட் தேவை. ஆனால் மின்-சம்மில் ஒரு வரிசை வெளியே அனுப்பும் அளவுகள் இரண்டே இரண்டு: வந்தவற்றில் மிகச் சிறியது, அதற்கு அடுத்தது. மிகச் சிறியது எந்த நிரலிலிருந்து வந்தது என்ற இட எண்ணையும் கூட்டல், கழித்தல் குறிகளையும் சேர்த்து வைத்தால், தேவைப்படும்போது எல்லாச் செய்திகளையும் மீட்டுவிடலாம். 19 இணைப்புள்ள வரிசைக்கு 114 பிட்டுக்குப் பதில் 34 (அளவுகளுக்கு 5+5, இட எண்ணுக்கு 5, குறிகளுக்கு 19) போதும். 3 இணைப்புள்ள வரிசையில் லாபமே இல்லை, 18க்கு 18தான். இட எண்ணுக்கு எங்கும் 5 பிட் ஒதுக்கினாலும் மொத்தம் 3,86,304 பிட்டாக இறங்கிவிடும்.

அடுத்த தவறுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. அடுக்கு முறை டிகோடர் வரிசைகளை அடுக்குகளாக ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும்; அதில் ஒரு வரிசை முடிந்ததும் அதன் புதிய மதிப்புகளை அடுத்த வரிசை உடனே பயன்படுத்தும். பைப்லைன் (கணக்கு ஒவ்வொரு கிளாக்கிலும் ஒரு படியாக நகரும் தொடர்) ஆழமாக இருந்தால், புதிய மதிப்பு எழுதப்படும் முன்பே அடுத்த வரிசை பழையதைப் படித்துவிடும். ஒரு நிரலின் மதிப்பு, அதாவது அதற்கு வந்த செய்திகளெல்லாம் கூட்டப்பட்ட மதிப்பீடு, 12 என்று வைத்துக்கொள்வோம். முதல் வரிசை தன் செய்தியை 3லிருந்து 5ஆக மாற்றுகிறது. எழுத வேண்டியது 14. அதற்குள் இரண்டாம் வரிசை 12ஐப் படித்து, தன் செய்தியை -2லிருந்து 1ஆக மாற்றி, 14ன் மேல் 15ஐ எழுதிவிடுகிறது. இருக்க வேண்டியது 17. இழப்பு இதோடு நிற்பதில்லை. செய்தி நினைவகத்தில் 5 இருக்கிறதே! அடுத்த சுற்றில் முதல் வரிசை 15லிருந்து 5ஐக் கழித்து, 12க்குப் பதில் 10ஐ வைத்துக் கணக்குப் போடும். சேர்க்கவே சேர்க்காத 2 கழிக்கப்படுகிறது. டிகோடர் நின்றுவிடாது, பெரும்பாலான சட்டங்களை (frame, ஒரு முறை டிகோட் செய்யும் தரவுத் தொகுதி) சரியாகவே மீட்கும். பிழை விகித வளைவு மட்டும் கொஞ்சம் தள்ளிப்போகும். அதனால்தான் இதைக் கண்டுபிடிக்க அவ்வளவு நாளாகிறது.

முதல் நான்கு வரிசைகளில் இந்த ஆபத்து மிக அதிகம். தலா 19 இணைப்புகளும் 26 நிரல்களுக்குள்ளேயே அடங்குவதால், எந்த இரண்டு வரிசைகளை எடுத்தாலும் குறைந்தது 12 நிரல்கள் பொதுவாக இருக்கும். நிரல்களை ஒவ்வொன்றாகப் படிக்கும் வடிவமைப்பில், இப்போதுதான் மாறிய நிரல்களைக் கடைசியில் படிக்கும்படி வரிசைப்படுத்துங்கள். அடுக்குகளின் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். இதற்குப் பிறகும் மிஞ்சும் மோதலுக்கு மட்டும் கிளாக்கை வீணாக்குங்கள். எல்லா அடுக்குக்கும் இடையில் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பது இன்னொரு தவறு.

நிரல் மதிப்புக்கும் செய்திக்கும் ஒரே பிட் அகலம் கொடுக்காதீர்கள். செய்தி 6 பிட் என்றால் நிரலுக்கு 8 கொடுங்கள். உச்சத்தில் வெட்டப்பட்ட மதிப்பிலிருந்து பழைய செய்தியைக் கழித்தால், மேலே பார்த்த அதே வகைப் பிழைதான் வேறு வழியாக வரும்.

நினைவகத்தின் உருவத்தையும் கவனியுங்கள். 384 நிரல் மதிப்புகளை ஒரே கிளாக்கில் படிக்க 3,072 பிட் அகலம் வேண்டும், ஆழமோ வெறும் 68. இவ்வளவு தட்டையான எஸ்ராமில் (சிப்புக்குள் இருக்கும் வேக நினைவகத்தில்) சேமிக்கும் செல்களைவிடச் சுற்றியுள்ள படிப்பு, எழுத்து சர்க்யூட் அதிக இடம் பிடிக்கலாம். லேட்ச் (ஒரு பிட்டை வைத்திருக்கும் எளிய சர்க்யூட்) நினைவகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒரே கிளாக்கில் படிக்கவும் எழுதவும் வேண்டும் என்றதும் டூயல் போர்ட்டுக்கு (ஒரே நேரத்தில் இரண்டு வழியாக அணுகக்கூடிய நினைவகத்துக்கு) தாவுபவர்கள் பலர். அதன் செல்லுக்கு 8 டிரான்சிஸ்டர், சாதாரண செல்லுக்கு 6. நிரல்களை இரண்டு ஒற்றைப் போர்ட் பேங்குகளாகப் பிரித்து, ஒன்றில் படிக்கும்போது மற்றதில் எழுதும்படி அட்டவணை போட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

ஒரு நிரலின் 384 மதிப்புகளை ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு குறிப்பிட்ட அளவு சுழற்றித்தான் வரிசைக்குக் கொடுக்க வேண்டும்; அப்படிச் சுழற்றிப் படித்த நிரலைப் பழைய நிலைக்குத் திருப்பி எழுதத் தேவையில்லை. சுழன்றபடியே வைத்துவிட்டு, அடுத்த முறை வித்தியாசத்துக்கு மட்டும் சுழற்றினால் ஒரு முழு ஷிஃப்டர் (சுழற்றும் சர்க்யூட்) மிச்சம். புதிய சட்டம் வரும்போதெல்லாம் செய்தி நினைவகத்தில் பூஜ்யம் எழுதுவதும் வீண். முதல் சுற்றில் படித்ததைப் பூஜ்யமாகக் கொள்ள ஒரு பிட் கொடி போதும்.