ஓடிடியை வழிக்குக் கொண்டுவருவது எப்படி

நெட்ஃபிளிக்ஸ் மாதிரி இணையம் வழியாகப் படம் காட்டும் ஓடிடிக்குப் புதிதாகச் சந்தா கட்டியதும் எல்லாரும் ஆப்பைத் திறந்து எதையாவது தேட ஆரம்பித்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரு அரை மணி நேரம் செட்டிங்ஸுக்குள் போய் வந்தால் பின்னால் வரப்போகும் எரிச்சலில் பாதி வராமலே போகும். இந்த ஆப்கள் நம் கைக்கு வரும்போதே அவர்களுக்கு எது தோதோ அப்படித்தான் அமைந்து வருகின்றன. அடுத்த எபிசோடு தானாக ஓடும், முன்னோட்டம் தானாகக் கத்தும், சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். 'தானாக' என்று வருகிற ஒவ்வொன்றையும் ஒரு தடவை சந்தேகத்தோடு பாருங்கள், வேண்டியதை மட்டும் விட்டுவையுங்கள்.

முதல் வேலை ஆட்டோபிளே. என்ன பார்க்கலாம் என்று யோசித்துக்கொண்டு ஒரு படத்தின் மேல் ரெண்டு நொடி நின்றால் போதும், துப்பாக்கிச் சத்தத்தோடு முன்னோட்டம் ஆரம்பித்துவிடும், வீட்டில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள். நெட்ஃபிளிக்ஸ் இதை நிறுத்தும் வசதியைக் கொடுத்ததே 2020 பிப்ரவரியில்தான், அதுவரை ஜனங்கள் திட்டித் தீர்த்தார்கள். பல ஓடிடிகளில் இந்தப் பொத்தான் டிவி ஆப்பில் இருக்காது. போனிலோ கணினியிலோ பிரவுசர் வழியாகக் கணக்குக்குள் போய், உங்கள் ப்ரொஃபைலின் கீழே பிளேபேக் என்கிற இடத்தில் தேட வேண்டும். அடுத்த எபிசோடு ஓடுவதையும் அங்கேயே நிறுத்தலாம். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அதைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி மூலையில் தள்ளிவிட்டு, அடுத்தது என்ன என்று நச்சரிக்கும் பழக்கத்துக்கும் சில ஆப்களில் இதுவே மருந்து. அறிமுகப் பாடலைத் தாண்டும் பொத்தானை மட்டும் நான் குறை சொல்லவே மாட்டேன், ஓடிடி கொடுத்த நல்ல காரியங்களில் அது ஒன்று.

அடுத்தது ப்ரொஃபைல். வீட்டில் ஆளுக்கு ஒன்று, குழந்தைகளுக்குத் தனியாக ஒன்று, விருந்தாளிகளுக்கு என்று ஒன்று. இதைச் செய்யாவிட்டால் மருமகன் ஒரு மதியம் பார்த்த கார்ட்டூனுக்காக மாசக்கணக்கில் உங்களுக்குப் பேசும் லாரிகளும் டைனோசர்களும் பரிந்துரையாக வந்துகொண்டே இருக்கும். ஏற்கெனவே அப்படி ஆகிவிட்டதா? பார்த்தவற்றின் பட்டியல் கணக்குக்குள் எங்கேயாவது இருக்கும், வேண்டாததை அங்கிருந்து நீக்கிவிட்டால் பரிந்துரையும் மெல்ல மாறும். பத்து நிமிடம் பார்த்துவிட்டு விட்ட படங்கள் 'தொடர்ந்து பாருங்கள்' வரிசையில் உட்கார்ந்துகொண்டு குற்ற உணர்ச்சியைக் கிளப்பும் இல்லையா, அவற்றையும் இரக்கமில்லாமல் தூக்குங்கள்.

போஸ்டரை நம்பாதீர்கள், இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே படத்துக்கு ஆளுக்கு ஆள் வேறு வேறு போஸ்டர் காட்டுவதாக நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர்களே 2017-ல் விளக்கி எழுதியிருக்கிறார்கள். காதல் படமாகப் பார்க்கிறவருக்கு நாயகனும் நாயகியும் நெருங்கி நிற்கும் படம் வரும், நகைச்சுவை பிடித்தவருக்கு அதே படத்தில் வரும் காமெடி நடிகரின் முகம் வரும். அந்த நடிகர் நாலே காட்சியில் வந்துபோகிறவராகவும் இருக்கலாம். அதனால் என்ன பார்ப்பது என்பதை ஆப்பைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். நண்பர் சொன்னது, எங்கோ படித்தது எல்லாவற்றையும் போனில் ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். எது எந்த ஓடிடியில் இருக்கிறது என்று பார்க்க ஜஸ்ட்வாட்ச் மாதிரியான தளம் இருக்கிறது. பெயரை ரிமோட்டில் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி எழுத்தெழுத்தாக அடிக்கும் கொடுமையும் வேண்டாம். போன் ஆப்பில் தேடி உங்கள் பட்டியலில் சேர்த்துவிட்டால் அதே ப்ரொஃபைலில் டிவியிலும் வந்து நிற்கும்.

படம் சுற்றிக்கொண்டே நின்றால்

இதுதான் பெரிய தலைவலி, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம். ஓடிடியில் படம் முழுசாக ஒரே கோப்பாக வருவதில்லை. சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரத்தில் தயாராக வைத்திருப்பார்கள். உங்கள் இணைப்பு அந்த நேரத்தில் எவ்வளவு தாங்கும் என்று கணித்து, ஆப் அதற்கேற்ற துண்டை வாங்கிக்கொள்ளும். படம் ஆரம்பிக்கும்போது மங்கலாக இருந்து அப்புறம் தெளிவாவது இதனால்தான், அது கோளாறு இல்லை. துண்டு வந்துசேர்வதற்குள் கையிருப்பு தீர்ந்துபோனால்தான் அந்த வட்டம் சுற்ற ஆரம்பிக்கும்.

சரி, எவ்வளவு வேகம் வேண்டும்? இணைய வேகத்தை எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்று அளப்பார்கள். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே-க்கு 15 எம்பிபிஎஸ் இருந்தால் போதும். நீங்கள் 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் இருந்தும் படம் நிற்கிறது என்றால், பெரும்பாலும் வீட்டுக்குள் வரும் இணைப்பில் குறை இருக்காது, ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவில்தான் இருக்கும். வேகத்தைப் போனில் சோதித்துவிட்டு நன்றாகத்தானே வருகிறது என்று சொல்லாதீர்கள், டிவியிலேயே சோதியுங்கள். டிவியில் பிரவுசர் இருந்தால் நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் டாட் காம் திறந்தால் போதும், பல ஓடிடி ஆப்களுக்குள்ளும் இணைப்பைச் சோதிக்கும் வசதி உண்டு. டிவி வைஃபையின் எந்த அலைவரிசையில் இருக்கிறது என்று பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டிப் போகும், ஆனால் பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே இடத்தில்தான் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. டிவியும் ரவுட்டரும் ஒரே அறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ரவுட்டரை இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நிறுவனத்தைத் திட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். முடிந்தால் ஒரு லேன் ஒயரைப் போட்டுவிடுங்கள், அதோடு கதை முடிந்தது. நிறைய டிவிகளில் லேன் துளை 100 எம்பிபிஎஸ் வரைதான் போகும் என்றாலும் 4கே-க்கு அதுவே தாராளம்.

ரிமோட்டில் அணைத்தால் டிவி அணைவதில்லை, கண்ணை மூடிக்கொண்டு இருக்கும், அவ்வளவுதான். ஆப் தடுமாறினால் பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டுச் சொருகுங்கள். அப்புறம் ஆப்பைப் புதுப்பியுங்கள், ஆப் சேர்த்துவைத்திருக்கும் தற்காலிகக் குப்பையான கேஷை அழியுங்கள். இதையெல்லாம் செய்தும் ஆப் திறக்கவே ஒரு யுகம் ஆகிறது என்றால் டிவிக்குள் இருக்கும் சிப் கிழடாகிவிட்டது என்று அர்த்தம். அதற்காகப் புது டிவி வாங்க வேண்டாம், எச்டிஎம்ஐ துளையில் சொருகும் ஒரு ஸ்டிக் போதும்.

வேகம் இருந்தும் படம் மங்கல்தானா? உங்கள் சந்தாவிலேயே எச்டி இல்லாமல் இருக்கலாம். இல்லாவிட்டால் சாதனம் அனுமதிக்காது: ஆண்ட்ராய்டு போன்களில் வைட்வைன் என்று ஒரு பாதுகாப்பு முறை உண்டு, அதில் எல்1 என்கிற உயர்ந்த நிலை இல்லாமல் எல்3 என்கிற கீழ்நிலை மட்டும் இருக்கும் போனில் பெரிய ஓடிடிகள் எச்டியைத் தருவதில்லை. திரை எவ்வளவு நல்ல திரையாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

படமும் வசனமும்

நல்ல படம்கூட மெகா சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுகிறதா? சினிமா பெரும்பாலும் நொடிக்கு 24 ஃபிரேமில், அதாவது 24 தனித்தனிப் படங்களாக எடுக்கப்படுவது. டிவியோ நடுவில் இல்லாத ஃபிரேம்களைத் தானே உருவாக்கிச் செருகுகிறது. இதை அணையுங்கள் என்று கெஞ்சி 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் ஒரு வீடியோவே வெளியிட்டார்கள். ஒவ்வொரு டிவியிலும் இதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள், 'மோஷன்' என்று எது வந்தாலும் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தை எடுத்தபடியே காட்டும் ஃபிலிம்மேக்கர் மோடு இருந்தால் அதைப் போட்டால் போதும். கிரிக்கெட், கால்பந்து பார்க்கும்போது வேண்டுமானால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

வசனம் முணுமுணுப்பாகவும் சண்டை இடி மாதிரியும் கேட்பது டிவியில் படம் பார்க்கிறவர்களின் நிரந்தரப் புகார். 5.1 என்பது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் பிரித்துத் தரும் ஒலி, அதில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு என்றே தனியாக வரும். பெரும்பாலான டிவிகளில் அந்த நடு ஸ்பீக்கரே கிடையாது, எல்லாவற்றையும் ரெண்டு சின்ன ஸ்பீக்கருக்குள் திணிக்கின்றன. ஆப்பின் ஆடியோ பட்டியலில் அதே மொழி ரெண்டு தடவை இருக்கும், ஒன்றில் 5.1 என்று போட்டிருக்கும், போடாததைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் வசனம் சட்டென்று தெளியும். டிவியின் ஒலி அமைப்பில் இரவு மோடு இருந்தால் அதுவும் உதவும்.

சப்டைட்டிலின் அளவையும் பின்னணியையும் மாற்றலாம். வெள்ளை எழுத்து பனிமலைக் காட்சியில் காணாமல் போனால் கறுப்புப் பட்டை போட்டுக்கொள்ளுங்கள். டப்பிங்கைவிட மூல மொழியும் சப்டைட்டிலும்தான் என் கட்சி. கொரியாவோ ஈரானோ, அந்த ஊர்க்காரர்கள் கோபத்தில் எப்படிக் குரல் உயர்த்துகிறார்கள், எங்கே நிறுத்தி மூச்சு விடுகிறார்கள் என்று நடு ராத்திரியில் கேட்டுக்கொண்டு, புரியாத இடத்தில் பத்து நொடி பின்னால் போய்த் திரும்பக் கேட்கும் சுகம் எந்தத் தியேட்டரிலும் கிடைக்காது.

பணமும் கணக்கும்

எல்லா ஓடிடிக்கும் ஒரே நேரத்தில் சந்தா கட்டாதீர்கள். மாசச் சந்தா ஒன்று, அதில் வேண்டியதைப் பார்த்து முடித்ததும் அடுத்த ஓடிடி. வாரம் ஒரு எபிசோடாக வரும் தொடருக்கு, அது முழுசாக முடிந்தபிறகு ஒரு மாசம் கட்டினால் போதும், நடுவில் யாராவது கதையைச் சொல்லிவிடும் ஆபத்தைப் பொறுத்துக்கொண்டால். கட்டிய அன்றே ரத்து செய்துவிடுங்கள். பெரும்பாலான ஓடிடிகளில் கட்டிய காலம் முடியும்வரை பார்க்கலாம். இலவச சோதனைக் காலத்தில் மட்டும் இதைச் செய்யுமுன் விதியைப் படியுங்கள், ரத்து செய்த கணமே கதவைச் சாத்துகிறவர்களும் உண்டு. போனிலிருந்து ஆப்பை நீக்கினால் சந்தா நின்றுவிடாது. எங்கே கட்டினீர்களோ அங்கே போய்த்தான் நிறுத்த வேண்டும்: ஆப் ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் ஆப் ஸ்டோரில், இணைய நிறுவனத்தின் திட்டத்தோடு வந்திருந்தால் அவர்களிடம்.

பட்டியலில் போட்டு வைத்த படம் ஒருநாள் காணாமல் போகும். பெரும்பாலும் உரிமம் முடிந்திருக்கும், அது திரும்ப வரலாம், வேறு ஓடிடிக்கும் போகலாம். சில ஆப்கள் கடைசித் தேதியைப் படத்தின் விவரப் பக்கத்தில் ஓரமாகக் காட்டும், அதை வைத்து எதை முதலில் பார்ப்பது என்று முடிவு செய்யுங்கள். டவுன்லோடு செய்ததும் நம்முடையது ஆகிவிடாது, சில படங்கள் ஓட ஆரம்பித்த 48 மணி நேரத்தில் காலாவதியாகும். பயணத்துக்கு முன்னால் போனை விமானப் பயன்முறையில் போட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். விளம்பரத்தோடு வரும் மலிவுத் திட்டம் எடுக்கிறவர்கள் டவுன்லோடு வசதி இருக்கிறதா, எல்லாப் படமும் வருகிறதா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

பாஸ்வேர்டை ஊரெல்லாம் கொடுத்த காலம் 2023-ல் நெட்ஃபிளிக்ஸ் கெடுபிடி செய்ததோடு மலையேறிவிட்டது, மற்றவர்களும் அதே வழியில் வருகிறார்கள். ஆனாலும் பழைய அறை நண்பர், விற்றுவிட்ட டிவி, தங்கிய விடுதி என்று உங்கள் கணக்கு எங்கெங்கோ திறந்தே கிடக்கலாம். கணக்கு அமைப்பில் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்று இருக்கும். அதை அழுத்திவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றுங்கள், புதுசை வீட்டில் யாருக்கெல்லாம் சொல்வது என்பது உங்கள் பாடு.