பழைய ஸ்கிட் ஸ்டியர் லோடர் (முன்னால் வாளி பொருத்திய, மண் அள்ளும் சிறு வண்டி) வாங்கியதும் முதல் வேலை
விற்றவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல், இன்ஜின் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், சக்கரங்களை ஓட்டும் சங்கிலிப் பெட்டியின் ஆயில் ஆகியவற்றையும் எல்லா ஃபில்டர்களையும் உடனே மாற்றி, அன்றைய ஹவர் மீட்டர் (இன்ஜின் ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மீட்டர்) அளவை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சங்கிலிப் பெட்டியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வடித்த ஆயிலில் இரும்புத்துணுக்குகள் தென்பட்டால், மெக்கானிக்கிடம் காட்டாமல் வண்டியை வேலைக்கு அனுப்ப வேண்டாம்.

வாலிநோக்கம் உப்பளத்திலோ மண்டபம் கடற்கரை மணலிலோ ஓடிய வண்டியை அன்று மாலையே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நம் கரையோர ஊர்கள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீரே உவர்ப்பாக இருப்பதால், அதில் கழுவினால் துருதான் கூடும். உலர்ந்தபின், பழைய கிரீஸ் மணலோடு பிதுங்கி வெளியேறும்வரை மூட்டுகளில் உள்ள ஒவ்வொரு பின்னிலும் (pin) புதுக் கிரீஸ் அடியுங்கள். வாளியைத் தாங்கும் லோடர் கைகளைத் தூக்கியபின் அவற்றுக்குப் பூட்டுப் போடாமல் அவற்றின் அடியில் யாரும் குனியவே கூடாது.